நாலாவது மாத்திரை

எங்கள் தெருவில் யாரும் மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "ஒரு செட் குடுங்க" என்பார்கள். உடம்பு வலிக்கு ஒரு செட், காய்ச்சலுக்கு ஒரு செட், இடுப்பு வலிக்கு ஒரு செட். எந்த வலிக்கும் கொடுப்பது ஒரே செட்தான் என்பது கேட்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். திருப்பூர் நல்லூரில் நான் வேலை பார்த்த மெடிக்கலில் கடை திறந்ததும் முதல் வேலை மாத்திரை அட்டைகளைக் கத்தரிப்பது. நான்கு வகை மாத்திரை, வகைக்கு ஒன்று. சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைப்போம். பனியன் கம்பெனிகளில் எட்டரை மணிச் சங்கு ஊதுவதற்குள் டப்பா பாதி காலியாகிவிடும்.

முதலாளி ஒரு காலத்தில் சாமளாபுரத்தில் தறி ஓட்டியவர். தறியை விற்றுவிட்டு மருந்துக்கடை வைத்தார். மருந்துப் படிப்புக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு என் டிப்ளமோ சான்றிதழ்தான். சாமி படத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவே அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். சில கடைகளில் சான்றிதழ் மட்டும் தொங்கும். அதற்குரியவள் எங்கோ மாமியார் வீட்டில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருப்பாள். எங்கள் கடையில் சான்றிதழோடு நானும் இருந்தேன். பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து படிக்கப் போனவள், கல்யாணமாகி நல்லூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருப்பவள், மருந்தியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள். இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்கிற புத்தி அப்போது எனக்கு இருந்தது.

மருந்தியல் எடுத்த மேடம் முதல் வகுப்பிலேயே ஒன்று சொன்னார். மருந்து உடம்பை என்ன செய்கிறது என்பது பாடத்தில் பாதி, உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது மறுபாதி. மாத்திரை வயிற்றில் கரைகிறது, ரத்தத்தில் கலக்கிறது, உடம்பெங்கும் சுற்றுகிறது, கல்லீரல் அதை உடைக்கிறது, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. எங்கே வலிக்கிறது என்று மருந்துக்குத் தெரியாது. போகிற வழியெல்லாம் கைவைத்துக்கொண்டுதான் போகும். வலிக்கிற இடத்தில் அது செய்வதைக் குணம் என்கிறோம், மற்ற இடங்களில் செய்வதைப் பக்கவிளைவு என்கிறோம். மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். மருந்து நின்றுபோனால் உடம்பு என்ன செய்யும் என்பதும் பாடத்தில் இருந்தது. அது கடைசிப் பக்கங்களில், இரண்டு மதிப்பெண் கேள்வியாக இருந்தது.

செட்டில் முதல் மாத்திரை பாராசிட்டமால். அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வலி மாத்திரை. காயப்பட்ட இடத்தில் உடம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது, அதுதான் வலியை மூட்டுகிறது. இந்த மாத்திரை அந்தப் பொருளை உருவாகவே விடாது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலையும் காக்கிறது. அதனால் வலி போகும், வயிறு எரியும். எரிச்சலுக்கு மூன்றாவது மாத்திரை. நாலாவது குட்டி மாத்திரை. வெள்ளை நிறம், சட்டைப் பொத்தானில் பாதி கூட இருக்காது. அது ஸ்டீராய்டு. முதல் மூன்றை மட்டும் போட்டவர் "பரவாயில்லீங்க" என்பார். நாலாவதும் சேர்ந்தால், "உங்க கடை மாத்திரைதாங்க எனக்குக் கேக்குது" என்று மறுநாளும் வருவார். பசி எடுக்கும், அசதி பறக்கும், ஒன்றரை ஷிப்டு நின்றாலும் கால் தாங்கும். எங்கள் கடையின் நல்ல பெயர் முழுக்க அந்தக் குட்டியின் தயவில்தான் நின்றது.

சேர்ந்த புதிதில் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "டாக்டர் சீட்டு இல்லாம ஸ்டீராய்டு குடுக்கக் கூடாதுங்ணா. உடம்பக் கெடுத்துப்போடும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. "கண்ணு, நாம குடுக்காட்டி எதுத்த கடைல வாங்கிக்குவாங்க. அவிய ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக் குடுப்பாங்க. நம்மகிட்ட வாங்குனா ஒண்ணோட போச்சு. அதுவும் ஒரு புண்ணியந்தானுங்க" என்றார்.

போய் உட்கார்ந்து அட்டைகளைக் கத்தரித்தேன். முதலாளியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

தினமும் செட் வாங்குகிறவர்களில் ஓர் அயர்ன் மாஸ்டர் இருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நாளெல்லாம் நின்றுகொண்டு பனியன்களுக்குத் தேய்ப்பு போடுகிற வேலை. காலையில் தனக்கு ஒரு செட் வாங்கிப்போவார், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்புதான் செக்கிங் வேலைக்குப் போகும் மனைவிக்கும் சேர்த்து இரண்டாக வாங்கத் தொடங்கியிருந்தார். தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், "லீவுக்கும் சேத்துத் தரட்டுங்களா?" என்று கேட்டேன். "ஊருல எதுக்கும்மா மாத்திரை? அங்கிட்டு ரெஸ்டுதான?" என்று சிரித்தார். எனக்கு அப்போது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பத்து நாளாவது அந்தச் சிறுநீரகம் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். லீவு முடிந்து மனைவி மட்டும் திரும்பி வந்தார். ஊருக்குப் போன இடத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இறந்துபோய்விட்டார் என்று சொன்னார். தீபாவளிப் பலகாரம், ஊர்த் தண்ணீர், கூட்டாளிகளோடு குடித்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் ஒன்று சொல்லியிருப்பேன். எதைச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

எங்கள் லைன் வீட்டில் எனக்குப் பக்கத்து வாசல் ஓர் அக்கா. தூத்துக்குடிப் பக்கம், கடலோர ஊர். மாதா கோயிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடையாது. கணவர் சாயப்பட்டறையில் வேலை. அக்காவுக்குக் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியன்களை மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று நின்றுகொண்டே பார்க்க வேண்டும். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்து, அழக்கூட இடமில்லாத ஓர் அறையில் திணறியபோது, முதல் வாரமே ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பைக் கொண்டுவந்து நீட்டியவர். நான் சைவம் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, அன்று முதல் எனக்கென்று தனியாகத் துவையல் அரைத்தார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கூடப் பிறந்தவளிடம்கூட நான் அவ்வளவு சண்டை போட்டதில்லை.

அவரும் செட்டுக்காரர்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முதலில் இடுப்பு வலிக்கு ஆரம்பித்தது, ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அந்த வருஷத்தில் அக்கா ஒரு சுற்றுப் பெருத்தார். ஒட்டியிருந்த கன்னம் உப்பி, முகம் வட்டமாகப் பளபளவென்று ஆனது. "திருப்பூர்த் தண்ணி ஒனக்கு ஒத்துக்கிட்டு" என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவருக்கும் அதில் பெருமை. கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே வந்ததை யாரும் பார்க்கவில்லை. மேஜை முனையில் லேசாக இடித்தாலும் கையில் நீலமாகக் கன்றிப்போகும். அரிவாள்மனையில் அறுத்துக்கொண்ட விரல் ஒரு மாதம் ஆறவில்லை. ஸ்டீராய்டு தருகிற அந்த முகத்துக்கு எங்கள் புத்தகத்தில் நிலா முகம் என்று ஒரு பெயர் உண்டு. படம்கூட உண்டு. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அந்தப் படம் என்னைப் பார்த்து, "ஏ பிள்ள, தண்ணி வந்துட்டா?" என்று கேட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வந்து நிற்கும்போதெல்லாம் திட்டினேன். "அக்கா, இதை உட்டுப்போடுங்க. இது மருந்தில்லீங்க, விஷம். எலும்பையே அரிச்சுப்போடும். சக்கரை வந்துரும்."

"போட்டாத்தான பிள்ள நிக்க முடியுது. நீயே குடுக்க, நீயே ஏசுத."

"குடுக்கறது எம் பொழப்பு. சொல்றது எம் மனசு."

இந்த வசனத்தை ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். விடச் சொன்னேனே தவிர, எப்படி விட வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. யாராவது எங்களிடம் வந்து மாத்திரையை விட்டுவிட்டதாகச் சொன்னால்தானே அந்தப் பக்கத்தைப் புரட்டத் தோன்றும்? எங்கள் கடையில் வாங்குகிறவர்கள்தான் உண்டு, விடுகிறவர்கள் வந்து சொல்லிவிட்டா விடுவார்கள்?

தவக்காலம் வந்தது. அக்காவின் ஆட்களுக்குப் பெரிய நோன்பு அது. நாற்பது நாளும் கறி மீன் தொட மாட்டார்கள், சிலர் ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். அதோடு, தனக்குப் பிடித்தமான ஒன்றை விட்டுவிட்டு அந்தக் கஷ்டத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது வழக்கம். ஒருவர் டீயை விடுவார், ஒருவர் வெற்றிலையை விடுவார், ஆண்கள் பீடியையும் பிராந்தியையும் விடுவார்கள். நோன்பு தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்தார் அக்கா.

"இந்தத் தவசுக்கு ஒன் மாத்திரைய விட்டுட்டேன் பிள்ள. இனிமே வலிச்சா அது ஆண்டவருக்கு. ஒனக்கும் சந்தோசந்தான?"

எனக்குச் சந்தோஷம்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தானுங்க்கா எம் பேச்சக் கேட்டீங்க" என்றேன். அதைச் சொன்னபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கண்ணாடி பார்க்கப் பிடிக்காது.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. குட்டி மாத்திரை என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைச் செய்யும் ஒரு பொருளை அது நமக்குத் தினமும் தயாரித்துத் தருகிறது. நாம் எழுந்திருப்பதற்கு முன்பே மூளையிலிருந்து அதற்கு உத்தரவு போய்விடும். காய்ச்சல் வந்தால், பட்டினி கிடந்தால், அடிபட்டால், கூடுதலாகத் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போகும். ரத்த அழுத்தம் விழாமல் நிற்பதும், சாப்பிடாதபோது ரத்தத்தில் சர்க்கரை தீராமல் இருப்பதும் அதனால்தான். இப்போது அதே சரக்கு மாத்திரையாக வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பீஸ் முழுக்க வெளியில் ஜாப் ஒர்க்கில் தைத்து வருகிறது என்றால் எந்தக் கம்பெனிக்காரன் சொந்த மிஷினை ஓட்டுவான்? துணி போட்டு மூடிவிடுவான், டெய்லர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் ஜாப் ஒர்க் நின்றுபோய், அன்றைக்கென்று சரக்கு அனுப்பும் சிப்மெண்ட் தேதியும் வந்து நின்றால், துணியை விலக்கிப் பார்க்கும்போது மிஷின் துருப்பிடித்திருக்கும். அதனால்தான் இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைத்து நிறுத்த வேண்டும். சுரப்பி விழிக்க அவகாசம் தர வேண்டும். பரீட்சையில் இதை எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியவள் நான்.

அக்கா மாத்திரையை விட்டார், அதே நாளில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் மாறினார். சுரப்பி தூங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வலி கண்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டே வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை ஆள் துவண்டுபோனார். நோன்பில் எல்லோருக்கும் இருக்கிற அசதிதான் என்றார்கள், நானும் அதையே நினைத்தேன். மாலை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்தில் முழங்காலிட்டவர் எழுந்திருக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் சனிக்கிழமை வாந்தி ஆரம்பித்தது. சாப்பிட்ட ஒருவேளையும் நிற்கவில்லை. வெறும் வயிற்றில் பித்தம் ஏறிவிட்டது என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். வீட்டுக்காரர் வற்புறுத்தியும் நோன்பை முறிக்க மாட்டேன் என்றார். எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறது என்றாராம். அதைக் கேட்டபோது ஏதோ ஒரு பாடப்பக்கம் மனதில் புரண்டது. என்ன பக்கம் என்று பார்ப்பதற்குள் கடையில் கூட்டம் வந்துவிட்டது.

கூட்டம் குறைந்ததும் முதலாளியிடம் அக்கா கதையைச் சொன்னேன். அவர் கால்குலேட்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "வேறொண்ணுமில்ல கண்ணு. வழக்கமாப் போடற மாத்திரைய நிறுத்திப்போட்டாங்க, உடம்பு கேக்குது. ஒரு செட் கொண்டுபோயிக் குடுங்க. எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அந்தக் கருமத்தை விட்டதே இப்பத்தானுங்ணா. மறுபடியும் கொண்டுபோயி நானே குடுக்கறதுங்களா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மருந்தைப் பற்றி ஒரு எழுத்தும் படிக்காத அந்த மனுஷன் சொன்னது சரி. படித்த நான் செய்தது தப்பு. அன்றைக்கு ஒரே ஒரு குட்டி மாத்திரையை நான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அதற்குப் பிறகு நடந்தது நடந்திருக்காது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று கிண்டலாகச் சொல்வார்கள். என் கணக்கை நான் அப்போது தொடங்கிவிட்டேன் என்று எனக்குத் தெரியாது. உண்மையில் அது ஏற்கனவே தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயிலுக்குப் போகவில்லை, குடித்த ஓ.ஆர்.எஸ்.ஸும் வாந்தியாக வந்தது. திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்புகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அக்கா பாயில் சுருண்டு கிடந்தார். காலையிலேயே தகரக் கூரைக்குக் கீழே புழுங்கியது. அவர் கை சில்லென்று வியர்த்து ஈரமாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. "அக்கா" என்றேன். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து, "அம்மா வந்துட்டியா" என்றார். அவர் அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது.

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தப் பக்கம் முழுதாகத் திறந்தது. எந்தப் பாடம், எந்தப் பக்கம், கேள்விக்கு நான் எழுதிய விடை, கடைசி வரியின் கீழ் பேனாவால் போட்ட கோடு வரை தெரிந்தது. அக்காவின் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன்.

அவர் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் இளம் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார், கருவியை மாற்றிப் பார்த்தார். சலைன் ஏற்றச் சொன்னார். ஏற்றியும் அழுத்தம் ஏறவில்லை. "என்னென்ன மருந்து எடுக்கிறாங்க? சுகர், பி.பி., எதுக்காவது?" என்று வேகமாகக் கேட்டார்.

அக்காவின் கணவர் கைகட்டி நின்றார். "ஒரு மருந்தும் கிடையாது சார். வலி மாத்திரை போடுவா. அதையும் தவசுக்கு விட்டுட்டா" என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது.

"வலி மாத்திரைதானே" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த நொடியிலேயே திறந்திருக்க வேண்டும். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது அக்கா இல்லை. சாமி படத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவே தொங்கும் கண்ணாடிச் சட்டம்தான் தெரிந்தது. அதில் இருப்பது என் பெயர், என் போட்டோ, என் பதிவு எண். சொன்னால் எந்தக் கடை என்று கேட்பார்கள். யார் கொடுத்தது என்று கேட்பார்கள். "தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கேண்டீன் வரை நடந்தேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் வாங்குகிற வரை நின்றேன். பாட்டிலை வாங்கினேன், சில்லறையை எண்ணி வாங்கினேன். இவ்வளவு நேரமும் உள்ளே ஒரு மனுஷிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூடிய ஒரே வார்த்தை என் வாயில் இருந்தது. என்னை நானே மன்னித்துக்கொண்டவை நிறைய உண்டு. அந்தத் தண்ணீர் பாட்டிலை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே அக்காவின் செருப்பு தெரிந்தது. வரும் அவசரத்தில் கால் மாற்றிப் போட்டுவிட்டிருந்தார்கள். எதனாலோ அதைப் பார்த்ததும்தான் பேச வந்தது. திரையை விலக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் சொன்னேன். "சார், அது வெறும் வலி மாத்திரை இல்லீங்க. கூட ஸ்டீராய்டு இருக்குது. ஒரு வருஷத்துக்கு மேல தினமும் ரெண்டு வேளை. புதன்கிழமை ஒரேயடியா நிறுத்திட்டாங்க."

டாக்டர் ஒரு வினாடி என்னையே பார்த்தார். பிறகு நர்ஸிடம் ஒரு ஸ்டீராய்டு ஊசியின் பெயரைச் சொன்னார். அது உள்ளே போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"மெடிக்கல்ல பார்மஸிஸ்டுங்க சார்."

அவர் திரும்பி அக்காவின் நாடியைப் பிடித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியத்துக்கு மேல் அழுத்தம் ஏறத் தொடங்கியது. மாலையில் அக்கா கண்ணைத் திறந்து, "ஏ பிள்ள, நீ இன்னும் கடைக்குப் போவலையா?" என்றார். கோயிலிலிருந்து வந்தவர்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று அழுதார்கள். நானும் அழுதேன். அக்கா என் தலையைத் தடவி, "இந்தப் பிள்ளதான் என்னயத் தூக்கிட்டு வந்தா" என்று எல்லோரிடமும் சொன்னார். அதைத் திருத்த எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் முதல் மருந்து அதே குட்டி வகைதான். எத்தனை வாரம் எவ்வளவு, பிறகு எவ்வளவாகக் குறைப்பது என்று தேதி போட்டு எழுதியிருந்தார். முழுதாக விட ஒரு வருஷம்கூட ஆகலாம், அது வரை காய்ச்சல் வாந்தி என்று எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்றார்.

முதல் நாள் இரவு நான் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை நேராகக் கடைக்குப் போனேன். முதலாளி எனக்கு முன்பே வந்திருந்தார். விஷயம் காதுக்கு எட்டிவிட்டது. பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு கவராகப் பிரித்து, குட்டி மாத்திரையை மட்டும் பொறுக்கி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற மூன்றையும் பழையபடி மடித்து வைத்தார்.

"இனி இந்தச் சனியன் நம்ம கடைல வேண்டாங் கண்ணு. நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நாந்தான் கேக்கல. இன்னைலயிருந்து மூணே மாத்திரைதான். யாருகிட்டயும் ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். சத்தமில்லாம நிறுத்திப்போடலாம்."

சத்தமில்லாமல். எட்டரை மணிச் சங்குக்கு முன்னால் அந்தக் கவர்களை வாங்கிப்போகப் போகிறவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. கட்டிங் மாஸ்டர், பவர் டேபிளில் தைக்கிறவர்கள், அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். எத்தனை முகம் வட்டமாக இருக்கிறது என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். இத்தனை பேருக்கும் அந்தச் சுரப்பி தூங்குகிறது, ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு நிறுத்தினால் சனிக்கிழமை வாக்கில் இந்தத் தெரு முழுக்க ஆரம்பிக்கும்.

"வேண்டாங்ணா" என்று அவர் கையைப் பிடித்தேன். "எடுக்காதீங்க. திரும்பப் போடுங்க."

எந்த மாத்திரையை விஷம் என்று வருகிறவர்களிடம் ஏசினேனோ, அதே மாத்திரையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து ஊதித் துடைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தாலும் பாவம், நிறுத்தினாலும் பாவம் என்ற இடத்தில் கொண்டுவந்து என்னை நானே நிறுத்தியிருந்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், டாக்டரிடம் அனுப்ப வேண்டும், அது வரை நிறுத்தக்கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். சொன்னால் கடை என்னாகும் என்று அவர் கேட்டார். நான் குட்டியைக் கவர்களில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அன்றைய முதல் ஆள் வந்தார். அயர்ன் மாஸ்டரின் மனைவி. கணவர் இருந்தவரை இவர் கடைக்கு வந்ததில்லை, இப்போது தினமும் வருவார். தோளில் துணிப்பை மாட்டியிருந்தார். நான் கவரை நீட்டினேன். கையை அசைத்து வேண்டாம் என்றார்.

"இன்னைக்கு வேணாம்மா. ஊருக்குப் போறேன், அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். எங்க வீட்டுக்காரரு இறந்ததுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கணும், வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுக்கணும். பத்து நாளாச்சும் ஆகும். அங்க போயி எனக்கு என்ன வேலை? சும்மாதான கெடக்கப் போறேன். மாத்திரை எதுக்கு?"

காலை வெயிலில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கணவன் போன துக்கத்திலும் மெலியாத, உருண்டு திரண்ட, பளபளப்பான முகம்.

"அண்ணனுக்கு ஊருக்குப் போயி எத்தனாவது நாள் வாந்தி ஆரம்பிச்சதுங்க?" என்று கேட்டேன்.

"மூணாம் நாளு. ஏன் கேக்குறீக?"

பின்னால் முதலாளி தொண்டையைச் செருமினார். வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தைய நாள் வாங்கிய தண்ணீர் பாட்டில் இன்னும் என் பையில் திறக்காமலே இருந்தது. ஸ்டூலை எடுத்து வெளியே போட்டு அவரை உட்கார வைத்தேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றேன். ஏன் நிறுத்தக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன். குட்டி மாத்திரையைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மூளை, சுரப்பி, உத்தரவு, ஜாப் ஒர்க் எல்லாம் சொன்னேன். வெடுக்கென்று நிறுத்தினால் முதலில் அசதி வரும், மூன்றாம் நாள் வாந்தி வரும், வயிறு போகும், கை சில்லிட்டுப்போகும் என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடிப்பதற்கு முன்பே நிமிர்ந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் நீங்கதான குடுத்தீக?"

"ஆமாங்க" என்றேன்.